ஏழாம் ஆணி

எங்கள் மலைக்கோயில் மணிக்கு இந்த மாதம் மின்சாரச் சுத்தியல் பொருத்திவிட்டார்கள். இனி யாரும் கயிறு இழுக்க வேண்டாம். நேரம் வந்தால் அதுவே அடிக்கும். கோபுரத்தின் மேல் ஆள் இருந்தால் அடிக்காது. அதைக் கண்டுகொள்ள ஒரு கருவியும் வைத்திருக்கிறார்கள். புதிய பங்குத்தந்தை என் வீட்டுக்கு வந்து, "இருவத்தாறு வருசம் கயிறு புடிச்சவருங்க நீங்க. பங்கு மலருக்கு உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க. கோபுரம் பாக்க வர்றவங்களும் படிப்பாங்க" என்றார். இனிமையான நாலு பக்கங்களை அவர் எதிர்பார்க்கிறார் என்று தெரிந்தது. நானும் இரண்டு முறை அப்படித்தான் எழுதினேன். இரண்டையும் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னோடு வேலை செய்த இருதயராஜ் என்பவருக்கு என்னால் காது போயிற்று. காது போனதைவிட மோசமான ஒன்றும் அவருக்கு என்னால் நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மிஷன் பள்ளியில் படித்து, சேலத்தில் வரலாறு பி.ஏ. முடித்தேன். படிப்புக்கேற்ற வேலை அமையவில்லை. நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக ஒன்பது வருடம் இருந்தேன். எஸ்டேட் கைமாறியபோது அப்போதைய பங்குத்தந்தை என்னைக் கோயில் வேலைக்கு எடுத்துக்கொண்டார். பீடம் துடைப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, மூன்று வேளையும் மணியடிப்பது. மணியடிக்க ஒரு மாதத்தில் கற்றேன். கையால் இழுக்கக்கூடாது, உடம்பின் பாரத்தைக் கொடுக்க வேண்டும். கயிறு மேலே போய்த் திரும்பி வரும்வரை அதை அவசரப்படுத்தக்கூடாது. இதற்கு மேல் அதில் வித்தை ஒன்றும் இல்லை.

கோயிலைப் பற்றித்தான் நிறையப் படித்தேன். சேர்வராயன் மலையில் இப்படி ஒரு கோயில் இருப்பதை ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் பலர் ஏரியோடு திரும்பிப்போவதால் அறிவதில்லை. முகப்பு, காகிதச் சுருளைப் போல இரு பக்கமும் வளைந்து இறங்கும். உள்ளே பீடத்தின் நான்கு தூண்களும் துணியைப் பிழிந்தது போல முறுக்கிக்கொண்டு நிற்கும். தூண் முழுக்கக் கொடியும் இலையும் பொன்பூச்சும். இதைப் பரோக் பாணி என்பார்கள். கடலுக்கு அப்பாலிருந்து வந்த குருக்கள் நினைவிலிருந்து வரைந்து கொடுக்க, நம் கொத்தர்கள் சுண்ணாம்பில் செய்தது. இதையெல்லாம் எட்டுப் பக்கங்களில் எழுதி, தட்டச்சு செய்து, கண்ணாடி போட்டு வாசலில் மாட்டினேன். 'தூண்களில் படர்ந்திருப்பது திராட்சைக் கொடி' என்று அதில் ஒரு வரி உண்டு. அந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை வேலைக்கு எடுத்த அந்தப் பங்குத்தந்தையை நாங்கள் பெரிய ஃபாதர் என்போம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தினமும் மாலையில் கோபுரச் சாவியை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். எழுதிக்கொண்டிருந்தால் பேனாவை மூடி வைப்பார். எழுந்து நிற்பார். இரண்டு கைகளையும் நீட்டிச் சாவியை வாங்குவார். வாங்கியபின் ஒரே கேள்வி: "எல்லாரும் எறங்கிட்டாங்களா?" நான், "எறங்கிட்டாங்க ஃபாதர்" என்பேன். என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். தினமும் அதே கேள்வியை அன்றுதான் முதன்முறை கேட்பவரைப் போலக் கேட்பார்.

அந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. கோபுர உச்சியில் சுற்றுமாடம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் மலையடுக்குகள், எஸ்டேட்டுகள், தெளிந்த நாளில் சேலம் சமவெளி வரை தெரியும். ஆனால் அங்கே போக, மணியை ஒட்டியிருக்கும் இரும்பு ஏணியில் ஏற வேண்டும். ஏணியில் ஆள் இருக்கும்போது மணி அடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கீழே கயிற்றறையிலிருந்து பார்த்தால் மேலே யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது. அதனால் ஃபாதர் ஒரு முறை வைத்தார். சில்வர் ஓக் மரத்தில் செய்த பத்து வில்லைகள், ஒன்று முதல் பத்து வரை எண் எழுதியவை. கயிற்றறைச் சுவரில் ஒரு பலகை, அதில் பத்து ஆணிகள். மேலே போகிறவர் ஆளுக்கு ஒரு வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். இறங்கியதும் அதே எண்ணுள்ள ஆணியில் மாட்ட வேண்டும். ஒரே ஓர் ஆணி காலியாக இருந்தாலும் கயிற்றைத் தொடக்கூடாது. பலகையும் கயிறும் என் பொறுப்பு. ஆட்களை ஏற்றி இறக்குவது இருதயராஜ் பொறுப்பு. எல்லாரையும் இறக்கிவிட்டுக் கடைசியாக இறங்குகிறவர் என்பதால் அவருக்கு வில்லை கிடையாது.

இருதயராஜ் வாழவந்திக்காரர். என் வயதுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எஸ்டேட்டில் மிளகுக் கொடி ஏற்றியும் காப்பி பறித்தும் வந்தவர். ஏணி ஏறப் பயமில்லாதவர் என்பதால் ஃபாதர் அவரைக் கோபுரத்துக்கு வைத்தார். என் பழைய வேலையை வைத்து என்னை 'ரைட்டர்' என்பார்.

கோபுரத்தில் கயிறு வருவதற்கு ஒரு துளை இருக்கிறது. அதன் வழியே மேலே நடப்பதெல்லாம் கீழே கேட்கும். மேலே போனதும் வந்தவர்களை முதலில் சுற்றிப் பார்க்க விடுவார். பிறகு, "ஏனுங்க, நீங்க வந்த பஸ் ரோட்ட வெரலாலயே தொட்டுக்கிட்டு சேலம் வரைக்கும் எறங்குங்க பாக்கலாம்" என்பார். பெரிய மனிதர்கள்கூடக் காற்றில் விரலை வைத்து, வளைவு வளைவாக இறங்குவார்களாம். "ஐயோ, பள்ளத்துல உட்டுட்டீங்களே! வண்டியில யாருங்க, உங்க மாமியாருங்களா?" என்பார். சிரிப்பு துளை வழியே என் தலைமேல் கொட்டும். நான் கயிற்றுப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன்.

வருகிறவர்கள் எழுத ஒரு நோட்டு வைத்திருந்தோம். தினமும் அதைப் படிப்பேன். 'இருதயராஜ் அண்ணனை மறக்க முடியாது.' 'கோபுரத்தைவிட அந்த அண்ணன் பேச்சு அழகு.' என் எட்டுப் பக்கத்தைப் பற்றி ஒரு வரி வருமா என்று ஒவ்வொரு நாளும் தேடினேன். ஒரே ஒருவர், 'வாசலில் உள்ள கண்ணாடியில் தலைவாரிக்கொள்ள வசதியாக இருந்தது' என்று எழுதியிருந்தார். வேடிக்கையாகத்தான் எழுதியிருப்பார். அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

ஒருநாள் பீடத்தருகே இருதயராஜ் ஒரு குடும்பத்திடம் தூணைக் காட்டி, "இது மொளகுக் கொடிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கிட்டேன்.

"திராட்சைக் கொடிங்க. திராட்சை ரசத்துக்கு அடையாளம். ஒலகத்துல எல்லாக் கோயில்லயும் அப்படித்தான்."

"திராட்சைக்கு எல பல்லு பல்லா இருக்கும்ங்க ரைட்டரே. இது வெத்தலையாட்டம் மொழுக்குனு இருக்குது. சரமும் ஒல்லியாத் தொங்குது பாருங்க. மொளகுங்க."

"புத்தகத்துல இருக்கறதச் சொல்றன்."

"நானும் தூணுல இருக்கறதத்தானுங்க சொல்றன்."

குடும்பம் முழுவதும் சிரித்தது. அவர் என்னைக் கேலி செய்யவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். அதுவே எனக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு சில மாதங்களில் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். பழைய கட்டடங்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். இப்படி ஒருவர் வருவார் என்று நான் வருடக்கணக்காகக் காத்திருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். எட்டுப் பக்கத்தின் படி ஒன்றைக் கையில் கொடுத்தேன். மரியாதையாக வாங்கிக்கொண்டார். இருதயராஜோடு மேலே போனார். ஒரு மணி நேரம் கழித்து இருவரும் பேசிக்கொண்டே இறங்கி, நேராகத் தூண்களிடம் போனார்கள். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இலையை உற்றுப் பார்த்தார். "நீங்க சொல்றதுதாங்க சரி. மிளகுதான். கொத்தர் தனக்குத் தெரிஞ்ச கொடியைச் செஞ்சுட்டார். இத்தனை பேர் பார்த்தும் யாருக்கும் தெரியலையே!" என்று இருதயராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நோட்டில் ஒரு பக்கம் முழுக்க இருதயராஜின் கண்ணைப் புகழ்ந்து எழுதினார். அவர் போனபின் என் எட்டுப் பக்கமும் கடைசி பெஞ்சில் கிடந்தது.

அடுத்த மாதத் திருவிழாவுக்கு வரும் ஆயரைக் கோபுரத்துக்கு இருதயராஜ்தான் அழைத்துப்போவார் என்று அன்று மாலையே ஃபாதர் சொன்னார். நான், "நல்லதுங்க ஃபாதர்" என்றேன்.

மறுநாள் பதினொன்றரைக்குச் சேலத்துக் குடும்பம் ஒன்று, பத்துப் பேர், கோபுரத்திலிருந்து இறங்கியது. பத்து வில்லைகளும் பலகைக்கு வந்தன. வேன் புறப்பட்டது. இருதயராஜ் கைகால் கழுவக் குழாயடிக்குப் போனார். பகல் பன்னிரண்டு மணிக்குச் செபத்துக்காக மணியடிக்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஃபாதர் வந்து பலகையை ஒருமுறை பார்ப்பது வழக்கம். நான் ஏழாம் ஆணியிலிருந்து வில்லையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

என் கணக்கு சின்னக் கணக்கு. ஃபாதர் காலி ஆணியைப் பார்ப்பார். வில்லையை வாங்காமல் ஆளை அனுப்பிவிட்டாரே என்று இருதயராஜைக் கேட்பார். ஆயர் வரும்போது இவரை நம்பி மேலே அனுப்பலாமா என்று ஒருமுறை யோசிப்பார். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறு எதையும் நான் நினைக்கவில்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் என் சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்பதை மேற்கொண்டு படித்தால் தெரியும்.

ஃபாதர் வருகிறாரா என்று பார்க்கப் பூசை உடுப்பு அறையின் ஜன்னலுக்குப் போனேன். அவர் வரவில்லை. யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று அவசரமாக ஸ்கூட்டரில் போய்விட்டார் என்பது பிறகு தெரிந்தது. பன்னிரண்டாகிவிட்டது. திரும்பிக் கயிற்றறைக்கு வந்தேன். ஏழாம் ஆணி காலியாகத்தான் இருந்தது. காலி ஆணியோடு கயிற்றைத் தொடக்கூடாது என்பது விதி. ஆனால் மேலே யாரும் இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். வில்லை என் பையில் அல்லவா இருக்கிறது? ஃபாதர் பிற்பாடு வந்தாலும் பார்க்கட்டும் என்று ஆணியை அப்படியே விட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்தேன்.

முதலில் மூன்று. சிறிது நேரம் விட்டு மறுபடி மூன்று. அந்த இரண்டாவது மூன்றுக்குப் பிறகு மேலே ஏதோ உருண்டது. குரங்கு என்று நினைத்தேன். குரங்காக இருக்கட்டும் என்று நினைத்தேன் என்பதுதான் சரி. செபமணியைப் பாதியில் நிறுத்திப் பழக்கமில்லை. மறுபடி மூன்று அடித்தேன். பிறகு வழக்கமான கடைசி ஒன்பதும் அடித்தேன். கயிறு நின்றபின்தான் முனகல் கேட்டது.

குழாயடியிலிருந்து திரும்பிய இருதயராஜ் பலகையைப் பார்த்திருக்கிறார். ஏழாம் ஆணி காலி. எண்ணித்தான் இறக்கினார், ஆனாலும் யாரோ மேலே தங்கிவிட்டார்கள் என்று பதறி ஓடி ஏறியிருக்கிறார். மணிக்குப் பக்கத்து ஏணியில் அவர் இருந்தபோது நான் இழுத்தேன்.

நான் முதலில் வில்லையை ஏழாம் ஆணியில் மாட்டினேன். பிறகுதான் படியேறினேன். எத்தனையோ மறந்துவிட்டன, எதை முதலில் செய்தேன், எதைப் பிறகு செய்தேன் என்பது மட்டும் மறக்கவில்லை.

ஏணிக்கடியில் கிடந்தார். மணிக்கட்டு முறிந்திருந்தது. வலது காதிலிருந்து ரத்தம். என்னைப் பார்த்ததும், "மேல ஒண்ணும் இல்லீங்க ரைட்டரே. நல்லாப் பாத்துட்டன்" என்றார்.

நாலு நாள் கழித்து ஃபாதர் எங்கள் இருவரையும் அழைத்தார். இருதயராஜ் கட்டுப்போட்ட கையோடு, காது கேட்காததால் உரக்கப் பேசினார்: "ஏழாம் நம்பர் இல்லீங்க ஃபாதர்! என் ரெண்டு கண்ணால பாத்தனுங்க!"

ஃபாதர் என் பக்கம் திரும்பினார். "காலியாவா இருந்துச்சு?"

"இல்லீங்க ஃபாதர். பத்தும் இருந்துச்சு. பாத்துட்டுத்தான் இழுத்தனுங்க."

இருதயராஜ் என் வாயைப் பார்த்தார். "ரைட்டர் என்னங்க சொல்றாரு?"

ஃபாதர் அவருடைய இடது காதருகே குனிந்து சொன்னார். இருதயராஜ் நல்ல கையால் கண்களைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "ரைட்டர் சொன்னா இருக்கும்ங்க. என் கண்ணுதான் ஏமாத்திருச்சாட்டம் இருக்குது" என்றார்.

தொடக்கத்தில் நான் சொன்ன மோசமான ஒன்று இதுதான். தூணில் இருந்ததை மற்றவர்களைவிடச் சரியாகப் பார்த்த கண்ணை, என் ஒரு பொய்க்காக அவர் சந்தேகித்தார். ஊரும் சந்தேகித்தது. இருதயராஜுக்குக் கண் மங்கிவிட்டது, இனி ஏணி ஏறவிடக்கூடாது என்றார்கள். அவர் மனைவி தெரேசா அவரைச் சேலத்துக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். இருதயராஜுக்குக் கோயில் தோட்ட வேலை கிடைத்தது. ஒருநாள் என்னிடம் வந்து, "கண்ணாடி போட்டுப் பாத்தாலும் அந்த ஆணி எனக்குக் காலியாத்தானுங்க தெரியுது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இடது காதும் நாலைந்து வருடத்தில் அடைத்துப்போயிற்று.

கோபுரம் எனக்கு வந்தது. கயிற்றுக்கு வேறு ஆள் வைத்தார்கள். ஆயரை நான்தான் மேலே கூட்டிப்போனேன். மூன்று நிமிடம் பார்த்துவிட்டு, காற்று அதிகம் என்று இறங்கிவிட்டார். வந்தவர்களுக்கு எட்டுப் பக்கத்தையும் ஒப்பித்தேன். கொட்டாவி விட்டார்கள். பழையவர்கள் வந்தால், "அந்த அண்ணன் எங்கங்க?" என்றார்கள். தோட்டத்தில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவர் மேல் அப்போதும் எனக்குப் பொறாமைதான். கடைசியில் ஒருநாள் நானும், "நீங்க வந்த ரோட்ட வெரலால தொட்டுக்கிட்டு எறங்குங்க" என்று சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அன்று நோட்டில் ஒரு பெண் என் பேச்சைப் பாராட்டி எழுதினார். என் வாழ்நாளில் அந்த நோட்டில் எனக்குக் கிடைத்த ஒரே வரி அது. அதுவும் இருதயராஜுடையது.

பெரிய ஃபாதர் மேலும் ஆறு வருடம் இருந்தார். தினமும் எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் சாவியை வாங்கினார். ஆனால் அந்த விசாரணைக்குப் பிறகு ஒருநாள்கூட, "எல்லாரும் எறங்கிட்டாங்களா?" என்று என்னைக் கேட்கவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை. அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை. சேலத்தில், என்னை அறியாத ஒரு குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மன்னிப்பு கொடுத்தார்; சம்பந்தப்பட்டவரிடமும் சொல்லச் சொன்னார். மன்னிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மலையேறிவிட்டேன்.

மின்சாரச் சுத்தியல் வைத்த அன்று பலகையைக் கழற்றி வெளியே போட்டிருந்தார்கள். ஏழாம் வில்லை மட்டும் மற்றவற்றைவிடப் புதிதாக இருந்தது போல எனக்குத் தோன்றியது. அதை எடுத்துக்கொண்டு இருதயராஜ் வீட்டுக்குப் போனேன்.

அவரிடம் மெதுவாக எதையும் சொல்ல முடியாது, கத்தினாலும் கேட்காது. தாளில் எழுதித்தான் காட்ட வேண்டும். 'ஏழாம் ஆணி காலியாகத்தான் இருந்தது. வில்லையை எடுத்தவன் நான். மணி அடித்தபின் மாட்டிவிட்டுப் பொய் சொன்னேன்.' அவர் எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தார். சமையலறையிலிருந்த தெரேசாவுக்கும் கேட்டது. இரண்டாம் முறையும் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

"இது உங்களுதுங்க. நீங்க போட்டுக்கோங்க."

தெரேசா கரண்டியோடு வந்து நின்றார். "ஏனுங்ணா, பதினாலு வருசமா இந்த மனுசன 'குருட்டுக் கெழவா, குருட்டுக் கெழவா'ன்னு ஏசிக்கிட்டிருக்கறன். இந்த ஊட்டுல அந்தப் பேச்சு கேக்காத நாளே இல்லீங்க. அதையெல்லாம் இப்ப யாருங்க திருப்பி எடுக்கறது?"

மன்னிப்புக் கேட்டுத் தாளில் எழுதப்போனேன். இருதயராஜ் பேனாவைத் தடுத்தார்.

"மன்னிச்சனான்னு கேக்காதீங்க. அத நான் இன்னும் நொம்ப யோசிக்கோணும். எனக்கு எழுதிக் காட்டுனா பத்தாதுங்க. ஊரே எனக்குக் கண்ணு தெரியலைன்னு நெனச்சுக்கிட்டிருக்குது. ஊருக்கு எழுதுங்க. ரைட்டர்தானுங்களே நீங்க?"

எழுதினேன். முடித்ததும் அவரிடம் கொண்டுபோனேன். ஒரு பகல் முழுக்கப் படித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்து, இல்லை என்று தலையாட்டினார். யாரோ மேலே தங்கிவிட்டார்கள் என்று பதறி ஓடியதாக நான் எழுதியிருக்கும் இடம்.

"இது தப்புங்க. பத்துத் தலைய எண்ணித்தான் வேன்ல ஏத்துனன். மேல ஆளு இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரியும். வில்ல மேல எங்காச்சும் உழுந்து கெடக்குமுன்னு தேடப் போனனுங்க. பலகை உங்க பொறுப்பு. முந்தின நாள்ல இருந்தே உங்க மூஞ்சி சரியில்ல. அந்தச் சமயத்துல ஃபாதர் வேற வந்து கேட்டாருன்னா நொந்துக்குவீங்களேன்னு போனன்."

அந்த இடத்தை நான் திருத்தவில்லை. நான் எப்படி நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதும் தெரியட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு, அவர் சொன்னதை இங்கே சேர்த்திருக்கிறேன். சேர்க்கும்போதுகூட, என்னால் அப்படி ஒருவருக்காக ஓடியிருக்க முடியுமா என்ற நினைப்பைவிட, இவரால் மட்டும் எப்படி முடிகிறது என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. எழுபத்து நாலு வயதிலும் எனக்கு அது போகவில்லை.

கோபுரம் பார்க்க வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அவரைத்தான் தேடிப் போவார்கள் என்று தெரியும். போங்கள். கோயிலுக்குக் கீழே, நாகலூர் போகும் ரோட்டோரம், நீலத் தண்ணீர்த்தொட்டி வைத்த வீடு. அவர் பார்க்கும்படி முகத்துக்கு நேராக நின்று, சொல்ல வந்ததைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். அதற்கு முன்னால் பீடத்துத் தூண்களைப் பார்த்துவிட்டுப் போங்கள். வாசலில் உள்ள எட்டுப் பக்கத்தில் ஒரு வரியை நேற்றுத்தான் அடித்துத் திருத்தினேன். அது மிளகுக் கொடி.